குருநகரில் நான் விட்ட ஏவுகணை

பெண் வீட்டுக்கு முதன்முதலாகப் போகிறவன் சாப்பிடலாம், சிரிக்கலாம், வெயிலைப் பற்றிக் கதைக்கலாம். எதையாவது "தெரியுமோ?" என்று கேட்டால் மட்டும் "தெரியும்" என்று சொல்லக் கூடாது. நான் சொன்னேன். அதுவும் விண்வெளிப் போரைப் பற்றி.

நான் தெல்லிப்பழைக்காரன். வீட்டுக்கு வரைபடம் கீறுகிற வேலை. ஜெனிற்றா குருநகர்ப் பெண். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் தாதி. நாங்கள் சைவம், அவர்கள் வேதம், அதாவது கத்தோலிக்கர். என் வீட்டில் அதிகம் எதிர்ப்பில்லை. (அம்மா கால் முறிந்து வார்ட்டில் கிடந்தபோது பார்த்துக்கொண்டது ஜெனிற்றாதான். அன்றிலிருந்து அம்மாவுக்கு அவளைப் பிடிக்கும். என்னைப் பற்றித்தான் யோசனை.) ஜெனிற்றாவின் வீட்டில் நிலைமை வேறு. தகப்பனார் எதைக் கேட்டாலும் "பெடியன் வரட்டும்" என்பார். பெடியன் என்றது நோர்வேயில் இருக்கிற மூத்த மகன் டெரன்ஸ். நாற்பது வயதைத் தாண்டிய பெடியன்.

அந்த வருடம் டெரன்ஸ் விடுமுறையில் வந்தார். வந்து சில நாட்களில் ஜெனிற்றா எனக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை ஒரு கப்பல் விளையாட்டுக் கொண்டந்திருக்கிறார். விளையாட ஆளில்லாமல் அந்தரப்பட்டுக்கொண்டு திரியிறார். நீங்கள் வந்து ஒருக்கா விளையாடுங்கோவன்."

"என்ன கப்பல்?"

"கப்பல்தான். எனக்கென்ன தெரியும்?"

குருநகர், கடல், கப்பல். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்த எனக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை. அந்தக் கிழமை முழுவதும் இணையத்தில் படகுகளைப் பற்றிப் படித்தேன். கயிற்றில் முடிச்சுப் போடுகிற விதங்கள் சிலவற்றையும் பழகிக்கொண்டேன். ஞாயிறு பின்னேரம் தலையைப் படிய வாரிக்கொண்டு போய் இறங்கினேன்.

சாப்பாட்டு மேசையில் கறுப்புத் துணி விரித்து, அதில் வெள்ளைப் புள்ளிகள் போட்டிருந்தது. புள்ளிகளுக்கு நடுவே விரல் நீளத்தில் பிளாஸ்ரிக் விண்கலங்கள் அணிவகுத்து நின்றன. பாய்மரமும் இல்லை, முடிச்சுப் போடக் கயிறும் இல்லை.

"நீர் உந்த வோர்கேம் எல்லாம் விளையாடுறனீரோ?" என்று டெரன்ஸ் கேட்டார்.

கதவடியில் ஜெனிற்றா நின்றாள். அவளுடைய தாயார் கதிரையில் இருந்து என்னை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம், தெரியும்" என்றேன்.

டெரன்ஸின் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு அவருடைய கல்யாண அல்பத்தில்கூடக் கண்டதில்லை. மரியாதைக்காக எனக்கே நல்ல படையைத் தந்தார். அதில் தாய்க்கப்பல் ஒன்று, நீலமும் பொன்னிறமுமாக. ஒரு குளிர்காலம் முழுக்க இருந்து தீட்டியதாம். பக்கவாட்டில் மிகச் சின்ன எழுத்தில் 'பிலோமினா' என்று எழுதியிருந்தது.

"அம்மான்ரை பேர். கவனமாய்ப் பாவியும்" என்றார்.

"என்னைக் கவனமாய்ப் பாரும் தம்பி" என்றார் கதிரையில் இருந்த பிலோமினா அன்ரி.

நான் பணிவாகத் தலையாட்டினேன்.

பிறகு டெரன்ஸ் விதிகளை விளக்கத் தொடங்கினார். கலம் எப்படித் திரும்பும், கேடயம் எப்படித் தாங்கும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அதில் எதுவும் ஏறவில்லை. ஏறியது ஒன்றே ஒன்று: வேட்டைநாய். அது ஒரு ஏவுகணை. மற்ற ஆயுதங்கள் சுட்ட உடனே பட்டுவிடும், அல்லது படாமல் போகும். வேட்டைநாய் அப்படியல்ல. ஏவியதும் மேசையில் தனிக் காயாக நின்று, சுற்றுக்குச் சுற்று தானே நகர்ந்து எதிரியைத் தேடிப் போகும். பட்டால் எந்தக் கலமும் தப்பாது.

"அதிலை ஒரு விஷயம் கவனிக்கோணும்" என்று டெரன்ஸ் குரலைத் தாழ்த்தினார். அந்த நேரம் பார்த்து ஜெனிற்றா சுடச்சுட நண்டுக் கட்லட் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். அவள் கைவளையல் தட்டில் பட்டது. டெரன்ஸ் ஏதோ சொன்னார். நான் "ஓம், ஓம்" என்றேன். கட்லட் அருமை.

ஆட்டம் தொடங்கியது. தகப்பனார் உள் அறையில் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். பக்கத்து வீட்டு எமிலி அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். (ஞாயிற்றுக்கிழமையில் அவ்வளவு உடுப்பு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. அந்தப் பின்னேரம் முழுக்கக் காயப் போட்டார்.)

எனக்குப் பொறுமை கிடையாது. இருந்த வேட்டைநாய்கள் அத்தனையையும் ஒரே தடவையில் ஏவினேன். டெரன்ஸ் தன்னுடைய கலங்களின் எஞ்சின்களை ஒவ்வொன்றாக அணைத்தார். அணைத்ததற்கு அடையாளமாகப் பக்கத்தில் கறுப்பு வில்லைகளை வைத்தார். அவை அசைவில்லாமல் மிதந்தன. ஆள் பயந்துவிட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமிதம். பிலோமினாவை முழு வேகத்தில் முன்னே விரட்டினேன்.

"நீர் எஞ்சினை நிப்பாட்டேல்லையோ?" என்று கேட்டார்.

"பயந்த ஆக்கள்தானே நிப்பாட்டுவினம்" என்றேன், கதவடிக்குக் கேட்கும்படியாக.

டெரன்ஸ் ஒரு விரலால் என் வேட்டைநாய்களைத் தொட்டு, ஒவ்வொன்றாக என் பக்கம் திருப்பி வைத்தார்.

"உதென்ன, திருப்புறியள்?"

"முதல் சுற்றிலை நேராய்ப் போகும். ரெண்டாம் சுற்றிலை கண் திறக்கும். கண் திறந்தால் ஆரின்ரை கலம் எண்டு பாக்காது. கிட்ட எந்த எஞ்சின் சூடாய் இருக்கோ அதைத்தான் துரத்தும். சொன்னனானெல்லோ?"

மேசையைப் பார்த்தேன். அந்த அண்டவெளியில் சூடான எஞ்சினோடு முன்னே நின்றது பிலோமினா ஒன்றுதான்.

அடுத்த சுற்றில் அவை வந்து சேர்ந்தன. சேதத்துக்குத் தாயக்கட்டை உருட்ட வேண்டியது ஏவிய ஆள்தான் என்பது விதி. அதாவது நான். வாழ்க்கையில் எனக்கு வேண்டிய நேரத்தில் ஆறு விழுந்ததே இல்லை. அன்று வேறு எதுவும் விழவில்லை. ஒவ்வொரு ஆறுக்கும் டெரன்ஸ் பிலோமினாவிலிருந்து ஒரு துண்டைக் கழற்றி எடுத்தார். நல்ல காலமாக அன்ரி இதையெல்லாம் பார்க்காமல் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போயிருந்தார்.

கடைசித் துண்டையும் எடுத்துவிட்டு, நோர்வே விளையாட்டுக் கழகத்தில் பழகிய கணீரென்ற குரலில் டெரன்ஸ் அறிவித்தார்: "அம்மா முடிஞ்சா. இனி ஒண்டும் செய்யேலாது."

"ஐயோ அன்ரி" என்று நான் தலையில் கைவைத்தேன்.

ஜெனிற்றா முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அடக்கிச் சிரித்தால் விம்மி விம்மி அழுவது போலத்தான் கேட்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் உடுப்புக் கூடை ஒன்று கீழே விழுந்த சத்தம் வந்தது. நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

எமிலி அக்காவின் கணவர் செயல்வேகம் உள்ள மனிதர். மோட்டார் சைக்கிளும் வைத்திருந்தார்.

நாங்கள் இரண்டாவது ஆட்டத்துக்குக் கலங்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போது வேதக் கோயிலில் சாவு மணி அடிக்கத் தொடங்கியது. அன்ரி தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் அப்படியே நின்றார். தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டார்.

"பாவம். ஆராயிருக்கும்?" என்றார். "ஆஸ்பத்திரியிலை கிடந்த சூசை அண்ணையாக்கும்."

எல்லோரும் எழுந்து நின்றோம். சைவக்காரன் இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டுமென்று தெரியாததால், நான் தாயக்கட்டையைக் கையில் பொத்தியபடி தலைகுனிந்து நின்றேன்.

படலை திறந்தது. எமிலி அக்கா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு வந்தார். பின்னால் ஒரு கூட்டம். நாலைந்து ஆண்கள் எங்கிருந்தோ பிளாஸ்ரிக் கதிரைகளே கொண்டுவந்துவிட்டார்கள்.

"எமிலி, ஆர் செத்தது?" என்று அன்ரி கேட்டார்.

எமிலி அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கள்தான் அக்கா" என்றார்.

அந்த நேரம் பார்த்து உள் அறைக் கதவு திறந்து தகப்பனார் வந்தார். முற்றம் நிறைய ஆட்கள், அடுக்கின கதிரைகள். பக்கத்தில் நின்றவரிடம் மெதுவாக விசாரித்தார். அவரும் மெதுவாகச் சொன்னார்.

"என்னட்டை ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார் தகப்பனார்.

நான் முன்னால் போய் விளக்கினேன். ஏவுகணை நான்தான் விட்டது, அது திரும்பி வந்து பட்டது, மற்றபடி அன்ரிக்கு ஒன்றுமில்லை. போர் பார்த்த எங்கள் ஊர்களில் முற்றத்தில் நின்று சத்தமாகச் சொல்லக் கூடிய சொல் அல்ல ஏவுகணை. கதிரையோடு நின்ற ஒரு பெரியவர், "எங்கையிருந்து விட்டனீர்?" என்று கேட்டார். சாப்பாட்டு மேசையைக் காட்டினேன். அவர் மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தான் கொண்டுவந்த கதிரையிலேயே இருந்துவிட்டார்.

அப்போதுதான் ஒழுங்கையில் ஒப்பாரி கேட்டது. அன்ரியின் தங்கை லூர்த்து. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஆனால் லூர்த்துவின் மகளுடைய கல்யாணத்துக்கு அன்ரிக்கு நேரில் வந்து சொல்லாமல் அட்டையை மட்டும் ஆள் கையில் கொடுத்துவிட்டார்கள் என்பதில் தொடங்கி, பல வருடங்களாகச் சகோதரிகளுக்குள் பேச்சு வார்த்தை இல்லை. கோயிலில்கூட ஒருவர் வலப்பக்கம், மற்றவர் இடப்பக்கம். அந்த லூர்த்து செருப்பில்லாமல், அவிழ்ந்த கொண்டையோடு ஓடிவந்தார்.

"என்ரை அக்கா, என்னோடை ஒரு சொல்லுக் கதையாமல் போட்டியே" என்று கத்திக்கொண்டு ஆட்களை விலக்கி உள்ளே வந்தார்.

அக்கா மேசையடியில் நின்றார்.

லூர்த்துவின் குரல் பாதியில் நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கண்ணீரும் மூக்குமாக அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்ட பிறகு, பழைய கோபத்தை எங்கிருந்து தொடங்குவதென்று லூர்த்துவுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"தேத்தண்ணி குடிக்கிறியோ?" என்று அன்ரி கேட்டார்.

"சீனி குறைச்சுப் போடு" என்றார் லூர்த்து.

பிறகு இருவரும் குசினிக்குள் போனார்கள். அங்கிருந்து அழுகைச் சத்தமும் திட்டுச் சத்தமும் மாறி மாறி வந்தன. வந்த சனம் எல்லோருக்கும் பிளேன்ரீ கொடுத்தோம். நானும் ஜெனிற்றாவும்தான் கோப்பை கழுவினோம். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் அவ்வளவு சந்தோஷமாகத் திரும்பிப் போனதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பொழுதுபடும் நேரம் டெரன்ஸ் கலங்களை ஒவ்வொன்றாகப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். என் கதை அந்தப் பெட்டியோடு மூடப்பட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். சொல்லிவிட்டுப் போகலாமென்று வாசலில் நின்றேன். அன்ரி குசினிக்குள்ளிருந்து வந்தார், பின்னால் லூர்த்து.

"டெரன்ஸ், இந்தப் பிள்ளைக்கு ஓம் எண்டு சொல்லு" என்றார் அன்ரி.

"அம்மா, உவருக்கு ஒரு விதியும் விளங்கேல்லை. விளங்கேல்லை எண்டும் சொல்லேல்லை."

"அதுக்கென்ன? விளங்கின ஆக்கள் ஒருத்தரும் இவ்வளவு காலமாய் லூர்த்துவை இந்தப் படலைக்குள்ளை கூட்டிக்கொண்டு வரேல்லையே."

டெரன்ஸ் தகப்பனாரைப் பார்த்தார். தகப்பனார் இன்னும் முழுதாக விழிக்காதவர் போல, "பெடியன் சொல்லட்டும்" என்றார். பெடியன் பெட்டியை மூடிவிட்டு, "ஓம்" என்றார்.

கல்யாணம் அதே கோயிலில்தான் நடந்தது. அன்ரி எனக்கு மாமியானார்; இப்போது மாதத்தில் பாதி நாட்கள் எங்களோடு தெல்லிப்பழையில் நிற்கிறார். குருநகரில் சாவு மணி அடித்தால், யாரென்று விசாரிக்கிறதுக்கு முன்னம் லூர்த்து சின்னம்மா எங்கள் வீட்டுக்குத்தான் போன் எடுப்பார். போன கிழமையும் எடுத்தார். நாங்கள் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தோம். மாமி எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தார்.

"அக்கா, மணி அடிக்குது. நீ இருக்கிறியோ?"

"இருக்கிறன்."

"மருமகன் எங்கை?"

"எனக்கு முன்னாலைதான். சாப்பிடுறார்."

"கையிலை என்ன வைச்சிருக்கிறார்?"

மாமி எட்டிப் பார்த்தார். "முருங்கைக்காய்" என்றார்.

"அப்ப வேறை ஆரோதான்" என்று சின்னம்மா போனை வைத்துவிட்டார்.