கல்யாணப் போட்டோ கேட்ட டாக்டர்

மயக்க ஊசி போடும் டாக்டர்கள் மெட்ராஸில் எத்தனையோ பேர். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியின் கல்யாணப் போட்டோவைக் கேட்ட டாக்டர் உலகத்திலேயே ஒருவர்தான். அடையாறில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் இருந்தார். போட்டோ டாக்டர் என்றால்தான் தெரியும். சொந்தப் பேரைச் சொன்னால் வாட்ச்மேனே முழிப்பார். கல்யாணத்தில் போட்டோவே பிடிக்கவில்லை என்ற நொச்சிக்குப்பத்து மீன்காரம்மாவிடம், கூடப்பிறந்த தங்கச்சியையாவது கூட்டிவா, முகத்தைப் பார்க்கணும் என்றாராம்.

எழுபதுகளின் தொடக்கம். தி.நகரில் எங்களுக்கு ஜவுளிக்கடை. அப்பாவுக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன். பிழைப்பது சந்தேகம் என்று சொல்லிவிட்டார்கள். வீடே கலங்கிக் கிடக்கும்போது இந்த மனுஷன் போட்டோ கேட்டால் எப்படி இருக்கும்? பல்லைக் கடித்துக்கொண்டு, ஹாலில் மாட்டியிருந்த ஜன்னல் கதவு அகலப் படத்தைக் கழற்றி சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றினேன்.

"இன்னா நைனா, பொண்ணு மாப்ள ஊர்கோலமா?" என்றான் ரிக்‌ஷாக்காரன். எனக்கிருந்த எரிச்சலுக்கு அவன் வேறு.

டாக்டர் படத்தை அப்பாவுக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்து, இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் ஒட்டிய கன்னத்தோடு ஒரு மாப்பிள்ளை. கட்டிலில் பூசணிக்காய் முகத்தோடு ஒரு முதலாளி. இந்த முகம் எப்போதிலிருந்து என்று கேட்டார்.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "கடை பெருசான பொறவுதான். லட்சுமி கடாட்சம் முகத்துல தெரியுதுல்லா?"

"லட்சுமி இல்லம்மா, இது மருந்தோட வேலை" என்று அப்பா பக்கம் திரும்பினார். "என்ன சாப்பிடறீங்க? மறைச்சா டேபிள்லயே போயிடுவீங்க."

அப்பா மென்று விழுங்கினார். மூச்சு இழுப்புக்காக சைதாப்பேட்டையில் ஒருவரிடம் வருஷக்கணக்காகப் பொடி வாங்கித் தின்கிறாராம். நாட்டு மருந்துதானே, இதையெல்லாம் டாக்டரிடம் எதற்குச் சொல்வது என்று இருந்துவிட்டார். அந்தப் புண்ணியவான் பொடியில் முகத்தை ஊதவைக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை இடித்துக் கலந்திருக்கிறான்! வெளியிலிருந்தே கிடைத்ததால் உடம்பு அதைத் தானாகச் சுரக்க மறந்திருக்கும், கத்தி பட்டதும் பிரஷர் விழுந்து ஆள் எழுந்திருக்கவே மாட்டார் என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு முன்பே அதே மருந்தை ஊசியில் ஏற்றினார்.

அப்பா பிழைத்தார். டாக்டர் அப்போதும் விடவில்லை. இந்த மருந்து இழுப்பை அமுக்கும், ஆனால் ரத்தத்தை உறையவைக்கப் பார்க்கும். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டி உயிருக்கு ஆபத்து என்று மறுநாளே கட்டிலைவிட்டு இறக்கினார். வலி பொறுக்காமல் அப்பா சுத்தமான திருநெல்வேலித் தமிழில் அவரைத் திட்டித் தீர்த்தார். "நல்லாத் திட்டுங்க. நடந்துகிட்டே திட்டுங்க" என்று தோளைக் கொடுத்து வராந்தா முழுக்க நடத்தினார் அவர்.

பொடி போய், அதற்குப் பதில் டாக்டர் மாத்திரையாகக் கொடுத்ததையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்ததில் அப்பாவுக்குக் கன்னம் ஒட்டிப்போயிற்று. "ராசா மாதிரி இருந்த மனுஷன இப்படி ஆக்கிப்போட்டாரே அந்த டாக்டர்" என்று அம்மா வருஷக்கணக்கில் சாப்பாடு போடும்போதெல்லாம் புலம்பினாள். எதிரே இலையில் அப்பா ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருப்பார். அம்மா புலம்புவதற்கு அப்பா எதிரே இருந்தாரே, அதற்காகவே அந்த மனுஷனை இன்றும் மனசுக்குள் கும்பிடுகிறேன்.