சாலிஹ் பாசியை வென்ற படலம்

வாழ்க சாலிஹ்! கடல் எட்டியும் பார்க்காத மாத்தளை மாவட்டத்தில் படகோட்டவென்றே அவதரித்த பெருவீரர், நாவுலப் பக்கத்துக் குளத்தின் நாயகர், நீலநிறப் பைபர் படகின் தனிப்பெரும் அதிபதி, பற்றரியில் ஓடும் மோட்டாரையும் அதன் வாலில் சுழலும் மூவிதழ்ப் பிளாஸ்டிக் விசிறியையும் பெற்ற பிள்ளைபோல் பேணும் பெருந்தகை வாழ்க! அந்த விசிறியை அவர் செல்லமாகப் 'பேன்' என்பார். நாவே, இடறாமல் சொல்.

பகைவனோ பாசி. வாளில்லை, வேலில்லை, காலுமில்லை. ஆயினும் பசும்படை திரட்டி, வழவழப்பையே கவசமாய்ப் பூண்டு, குட்டி நத்தைகளைக் காலாட்படையாய்ச் சேர்த்துக்கொண்டு மூன்று இதழ்களிலும் பாளையமிறங்கியிருந்தது. போன மாதம் நடுக்குளத்தில் படகு மூச்சடைத்து நின்றதும், பரமவைரி முஸம்மில் தன் படகில் கயிறு கட்டி இழுத்துக் கரைசேர்த்ததும், அதைக் கரையில் நின்றவர்கள் போனில் படம் பிடித்ததும் சாலிஹின் நெஞ்சில் ஆறாத விழுப்புண்கள். பாவம், மனுஷன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போதோ மானத்துக்கே நாள் குறித்தாகிவிட்டது. மகள் அஸ்ராவைப் பெண் கேட்டிருந்த கண்டிக்காரர்கள், மாப்பிள்ளையின் உம்மா அபீபாவின் தலைமையில் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். படகில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு முடிவு சொல்வார்கள். படகு நின்றால் சம்பந்தமும் நின்றுவிடும் என்று சாலிஹ் உறுதியாக நம்பினார்.

கத்தியால் சுரண்டினார், கீறல்தோறும் பாசி குடியேறியது. சாண்ட் பேப்பரால் தேய்த்தார். சொரசொரப்பில் இன்னும் சொகுசாய் ஒட்டிக்கொண்டது. திருகோணமலையில் பாசி பிடிக்காமல் படகுக்கு மருந்து பூசுகிறார்கள் என்று காதில் விழுந்ததும் சிலிர்த்தெழுந்து, மாத்தளை பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்த மனைவி றஹீமாவை நோக்கி ஊரதிர முழங்கினார்:

"பேனுக்குப் பூசுற மருந்து ரெண்டு போத்தல் மறக்காம வாங்கிட்டு வா!"

றஹீமா மறக்கவில்லை. மருந்துக்கடையில் அப்படியே கேட்டார்; கடைக்காரரும் அப்படியே எடுத்துக் கொடுத்தார். இருவர்மேலும் குற்றமில்லை. தண்ணீரில் சுழல்வதும் பேன், தலையில் ஊர்வதும் பேன் என்றிருந்தால் அவர்கள் என்னதான் செய்வார்கள்?

சாலிஹ் லேபலைப் படிக்கவில்லை. வீரர்கள் லேபல் படிப்பதில்லை. மூடியைத் திறந்ததும் வாடை மூக்கைத் துளைத்தது. அதுவே அவருக்குப் போதுமான அத்தாட்சி. இரண்டு போத்தலையும் கவிழ்த்துப் பூசி, காயட்டுமென்று மோட்டாரைத் தண்ணீருக்கு மேலே தூக்கி நான்கு நாள் வெயிலில் நிறுத்தினார். வெயிலில் பாசி கருகிப் பொருக்குப் பொருக்காய் உதிர்ந்தது. புகழ் முழுவதும் மருந்துக்கே போயிற்று, வெயிலை யாரும் நினைக்கவில்லை.

ஞாயிறு வந்தது. அலை பிளந்து, நுரை சிதறி, கொக்குகள் திடுக்கிட்டெழ, முஸம்மில் வாய்பிளந்து கரையில் நிற்க, கண்டியின் கண்மணிகளைச் சுமந்து படகு பறந்தது. சாலிஹின் கண்கள் சந்தோஷத்தில் கலங்கிவிட்டன. வெற்றிக்களிப்புத் தாங்காமல் எழுந்து நின்று, குளம் எதிரொலிக்கப் பிரகடனம் செய்தார்:

"ஒரு மாசமா எங்களப் படுத்தின பாடு! இந்தப் பேனுக்கு மருந்து போட்டேன் பாருங்க, அவ்வளவும் செத்து உதிர்ந்து போச்சு!"

அந்த நேரம் பார்த்து ஒரு வெறும் போத்தல் இருக்கைக்கு அடியிலிருந்து உருண்டு அபீபாவின் காலடியில் நின்றது. அவர் குனிந்து எடுத்தார், லேபலை ஒரு வரி விடாமல் வாசித்தார். பக்கத்தில் அஸ்ரா காற்றில் நழுவிய முக்காட்டைச் சரிசெய்யத் தலையில் கை வைத்தாள். அபீபா தன் முக்காட்டை இறுக்கிக்கொண்டு, "மகள், அங்கிட்டுக் கொஞ்சம் காத்து வருது" என்று சொல்லி மறுகோடிக்கு மாறி உட்கார்ந்தார்.

படகு எங்கும் நிற்கவில்லை. பாசி பணிந்தது, பகை முடிந்தது, கரையில் இறங்கிய சாலிஹின் நடையில் மூவேந்தர் மிடுக்கும் ஒருங்கே குடிகொண்டது.

புதன்கிழமை கண்டியிலிருந்து சம்மதம் என்று போன் வந்தது, வியாழக்கிழமை பஸ்ஸில் அஸ்ராவுக்கு ஒரு பேன்சீப்பு வந்தது.