நீலச்சட்டைக்கும் சிவப்புச்சட்டைக்கும் என்ன முறை?

மைக் ஆரூரனின் கையில் இருந்தது. பதில் சொல்ல வேண்டியவன் அவன்தான்.

இலங்கை மலையகத்தில், வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஜன்னல்களைக் கொழுந்துச் சாக்குகளால் மறைத்திருந்த மண்டபத்தில் பிள்ளைகளும் பெற்றோரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் புது டீவி, புது வீடியோ டெக். அவற்றையும் அவற்றில் ஓடவிருந்த ஜப்பானியக் கார்ட்டூன் படத்தையும் அன்பளிப்பாகக் கொண்டுவந்தவர், முன்வரிசையில் அமர்ந்திருந்த ஜப்பானியப் பெண்மணி நொரிகோ. அவருடைய உதவிச் சங்கம் மனம் வைத்தால் பாடசாலைக்கு இரண்டு வகுப்பறைகள் கிடைக்கும். மழை பெய்தால் நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே மூலையில் ஒதுங்கும் பாடசாலை அது.

“ஆரூரன் சேர், நீங்க படத்த தமிழ்ல சொல்லிக்கிட்டே வாங்க. ஒங்களுக்குத்தான் ஜப்பான் பாஷ தெரியுமே” என்று காலையில் பாடசாலை அதிபர் அழகுமுத்து சொன்னபோதுதான், ஒரு தேநீர் இடைவேளையில் அளந்து விட்ட புளுகு அவனுக்கு நினைவு வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த புவியியல் ஆசிரியன் அவன். அவனுக்குத் தெரிந்த ஒரே ஜப்பானியச் சொல், அண்ணனுடைய மோட்டார் சைக்கிளின் பெயர்.

ஒரே ஆறுதல், அதிபர் நொரிகோவுடன் சிங்களத்தில்தான் பேசினார். தமிழில் எதைச் சொன்னாலும் விருந்தாளிக்கு விளங்கப் போவதில்லை.

படம் தொடங்கியது. பனி மூடிய பாலத்தில் இரண்டு பேர் வாள் சுழற்றினார்கள். ஒருவருக்கு நீலச்சட்டை, தலையில் தொப்பி. மற்றவள் சிவப்புச்சட்டைப் பெண். வாளோடு வாள் மோதும்போதெல்லாம் இருவரும் கண்ணோடு கண் பார்த்துச் சிரித்தார்கள்.

“பிள்ளையள், நீலச்சட்டை போட்டவர் ஒரு இளவரசன்” என்றான் ஆரூரன்.

அவன் சொல்லி வாய் மூடவில்லை, இளவரசன் தொப்பியைக் கழற்றினான். கூந்தல் இடுப்புவரை சரிந்தது.

மண்டபம் சிரிப்பால் அதிர்ந்தது.

“சேர், அது பொம்பளங்க!” என்றாள் இரண்டாம் வரிசையில் இருந்த சண்முகவடிவு. மலையில் கொழுந்து எடுப்பவள்; கொழுந்து நிறுக்கும் நிறுவைக்காரரிடமே நியாயம் கேட்கிற வாய்.

“ஓம் ஓம், அதைத்தான் சொல்ல வந்தனான். மாறுவேசம். இவை ரெண்டு பேரும் சின்ன வயசிலை பிரிஞ்சுபோன அக்கா தங்கச்சி.”

எல்லாரும் ‘ச்சு’ கொட்டினார்கள். ஆரூரன் மூச்சு விட்டான். திரையில் சிவப்புச்சட்டைக்காரி தன் கூந்தலில் ஒரு கற்றையை வாளால் அறுத்து, நீலச்சட்டைக்காரியின் வாள்பிடியில் சுற்றிக் கட்டினாள். நீலச்சட்டைக்காரியின் முகம் காதுமடல் வரை சிவந்தது. எங்கிருந்தோ பூக்கள் கொட்டின.

சண்முகவடிவு எழுந்தே விட்டாள்.

“என்னங்க சேர் இது, அநியாயமா இருக்கே! கூடப் பொறந்தவள யாராச்சும் இப்புடிப் பாப்பாங்களா? புள்ளைங்க பாக்குற படமா இது?”

தாய்மார் சிலர் பிள்ளைகளின் கண்களைப் பொத்தினார்கள். அதிபரின் கழுத்தில் வியர்வை. அக்கா தங்கச்சி உறவை உடனே அறுக்காவிட்டால் பாவம் தன் தலையில்தான் என்று ஆரூரனுக்குப் பட்டது.

“பொறுங்கோ, பொறுங்கோ! சொந்தச் சகோதரியள் இல்லை. ஒண்டுவிட்ட... மச்சாள்மார்!”

“ஓகோ, அத்தை மகளா?” காமன் கூத்துக்குத் தப்பு அடிக்கும் மாயாண்டி பின்னாலிருந்து குரல் கொடுத்தார். “அப்புடிச் சொல்லுங்க! அப்ப கட்டிக்கிற முறதான். உக்காரு சண்முகவடிவு, ஒரு தப்பும் இல்ல.”

அவள் உட்கார்ந்தாள். பொத்திய கைகள் விலகின. மச்சாள் என்ற சொல்லை விட்ட பிறகுதான் அதன் பாரம் ஆரூரனுக்கு உறைத்தது.

“முறை எண்டு இல்லை, இவை பகையாளியள்...” என்று இழுத்தான். யாரும் காதில் வாங்கவில்லை.

படத்தில் போர் வந்தது. நீலச்சட்டைக்காரி எல்லைக்குப் போனாள். பிறகு அவளுடைய குதிரை மட்டும் திரும்பி வந்தது, முதுகில் பட்டில் சுற்றிய வாளோடு. சிவப்புச்சட்டைக்காரி அதை இரு கையாலும் வாங்கி, மணையில் நிறுத்தி, பூச்சரம் சூட்டி, பக்கத்தில் அமர்ந்தாள்.

மாயாண்டிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“கட்டாரிக் கல்யாணம்! எங்க தாத்தா ஊருல ஜமீன் வீட்டுல இப்புடித்தான். மாப்புள வர முடியலன்னா கட்டாரிய அனுப்பி வைப்பாங்க. அதுக்குப் பக்கத்துல பொண்ண ஒக்கார வெச்சு தாலி கட்டிருவாங்க. கல்யாணம் கல்யாணந்தான்!”

பெண்கள் குலவை போட்டார்கள். கூரைத் தகரம் அதிர்ந்தது.

“சேர், படத்த நிப்பாட்டுங்க, கட்டடம் போயிரும்” என்று அதிபர் பல்லைக் கடித்தார்.

அதற்குள் திரையில் நீலச்சட்டைக்காரியே திரும்பி வந்துவிட்டாள். ஆரூரன் ஓடிப்போய் டெக்கில் கையில் பட்ட பொத்தானை அமுக்கினான். படம் நிற்கவில்லை, உறைந்தது. போரிலிருந்து மீண்டவளும் காத்திருந்தவளும், மூக்கோடு மூக்கு உரச, திரை முழுக்க.

வேறு பொத்தான் தேடிய கை தானாக நின்றது. இவ்வளவு நேரமும் பொய் தேடியதில் அவன் படத்தைப் பார்க்கவேயில்லை. இப்போதுதான் பார்த்தான். நீலச்சட்டைக்காரியின் கன்னத்தில் ஒரு வெட்டுக்காயம். அதைத் தொடவா வேண்டாமா என்று தயங்கி நிற்கிற ஒரு விரல். யாரோ எங்கோ உட்கார்ந்து அந்த விரலை எவ்வளவு ஆசையாய் வரைந்திருக்கிறார்கள்!

மைக்கை எடுத்தான்.

“எனக்கு ஜப்பான் பாசை தெரியாது. சொன்னது எல்லாம் புளுகு. இவை ரெண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி விரும்பினம். எனக்கு விளங்கினது அவ்வளவுதான்.”



“அதத்தானேங்க நாங்க மொதல்லருந்து பாத்துக்கிட்டு இருக்கோம்” என்றாள் சண்முகவடிவு. “படத்தப் போடுங்க சேர். நீங்க பேசாம இருங்க, அது போதும்.”

போட்டான். கடைசியில் ஒரு படையே வளைத்து நிற்க, இருவரும் முதுகோடு முதுகு சேர்த்து நின்று வாள் வீசினார்கள்.

“ஒருத்தி முதுக ஒருத்தி காப்பாத்துறா பாரு” என்று சண்முகவடிவு மூக்கை உறிஞ்சினாள். “எம் புருசன் ஒருநா அப்புடி நின்னதில்ல.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. சாக்குகளை விலக்கினார்கள். வெளிச்சத்தில் நொரிகோ கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அவமானத்தால் அழுகிறார், வகுப்பறைகள் போயிற்று என்று ஆரூரன் நினைத்தான். அருகில் போய்க் கைகூப்பினான்.

“சமாவென்ன நோனா...” என்று தெரிந்த சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டான்.

நொரிகோ அவன் கைகளைப் பிடித்துக்கொண்டு, டயகமத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் சில வருடம் வாழ்ந்து பழகிய அசல் தமிழில் சொன்னார்:

“என்னத்துக்குங்க சேர் மன்னிப்பு? அவங்க ரெண்டு பேரும் சிநேகிதிங்களா, காதலிங்களான்னு எங்க நாட்டுல படிச்சவங்க எல்லாம் பத்து வருசமா சண்ட புடிச்சிக்கிட்டு இருக்காங்க. நீங்க ஒரே மணி நேரத்துல முறை பாத்து, கல்யாணத்தையும் முடிச்சு வெச்சுட்டீங்களே!”