என் குளியலறையில் தங்கிய விரால்

பட்டாபிராம் ஆட்டோ ஸ்டாண்டிலேயே மனிதர்களைவிட மீன்களை அதிகம் ஏற்றிச் சென்ற டிரைவர் பக்கெட்டு ஒருவன்தான். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பயணிகள் கால் வைக்கும் இடத்தில் எப்போதும் ஒரு பச்சை பக்கெட் இருக்கும். ஒருமுறை அவசரமாக ஏறி அதற்குள் காலை விட்டேன். நண்டு என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது.

"யோவ், வலிக்குதுய்யா!"

"கால ஆட்டாத சார். அது பயந்துகினு கீது."

முத்தாபுதுப்பேட்டைப் பக்கத்து ஏரி வற்றும்போதெல்லாம் சேற்றில் சிக்கிய உயிர்களை அள்ளி, வேறு குட்டையில் விடுவது அவன் வழக்கம். அந்தக் கோடையில் குட்டைகளும் வற்றிவிட்டன. ஏரியில் ஒரு பாய் அகலத்துக்குத்தான் தண்ணீர்; அதுவும் போனால் அத்தனையும் சாகும். நேராக எங்கள் அடுக்குமாடிக்கு வந்தான். தாமரைக் குளம் என்று பில்டர் காட்டிய தொட்டி வாசலில் காய்ந்து கிடந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் நான்.

"கொசு வரும்யா!"

"அத துன்றதுக்குத்தான் சார் ஆள இட்டாறேன்."

தண்ணீர் நிரப்பினோம். கெண்டை, கெளுத்தி, ஆரால், குறவை, விரால். நத்தை, மட்டி, இறால், நண்டு. ஒன்பது வகை. மத்தியான வெயிலில் கெண்டைகள் திரும்பும்போது தண்ணீருக்குள் யாரோ வெள்ளித்தாளைக் கசக்குவது போலிருக்கும். மேகம் ஒன்று தொட்டிக்குள் மிதக்கும். நத்தை அதன்மேல் ஏறிப் போகும். ஐ.டி. தம்பதிகள் காபி டம்ளருடன் வந்து உட்கார்ந்து, குடிக்க மறந்துவிடுவார்கள்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. தினமும் எண்ணினேன். கெண்டைகள் குறைந்தன, விரால் பருத்தது.

"யோவ், உன் விரால் மத்ததையெல்லாம் தின்னுடும்யா!"

"ஏரிலயும் துன்னுகினுதான கீது? அங்க வந்து நீ கேட்டியா?"

"ஏரி பெருசு, ஓடி ஒளியலாம். இங்க எங்க ஒளியும்?"

பக்கெட்டு தலையைச் சொறிந்தான். "கரெக்ட்டு சார். அப்ப அத உன் ஊட்ல வச்சிக்கோ."

விரால் என் குளியலறை டிரம்முக்குக் குடிவந்தது. மூச்சு விட மேலே வந்து 'பொளக்' என்று சத்தம் கொடுக்கும். எம்பிக் குதிக்காமல் இருக்கத் தட்டு வைத்து மூடி, மேலே அம்மிக் குழவியை வைத்தேன். பக்கெட்டு தினமும் வந்து தட்டை விலக்கி, "நைனா, சாப்டியா?" என்பான். என்னை அப்படி ஒருநாளும் கேட்டதில்லை.

மழை வந்து ஏரி நிரம்பியது. ஒன்பது வகையும் உயிரோடு திரும்பின. கடைசியாக விராலை விட்டோம். அது போகவில்லை, முழங்கால் தண்ணீரில் நின்ற பக்கெட்டின் காலைச் சுற்றிச்சுற்றி வந்தது.

"போடா. உன் ஊடு இதான். போ," என்றான்.

விரால் ஒரு வளைவு வளைந்து கலங்கல் தண்ணீருக்குள் மறைந்தது. அவன் வெகுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மறுபடி தூறல் பிடித்தது. என்னிடம் இருந்தது ஒரே குடை. செருப்போடு தண்ணீரில் இறங்கி அவன் தலைக்குமேல் பிடித்தேன்.