மூன்றாம் மாடிப் பின்னறைக்கு ஒயர் இழுத்த வைபவம்

குளுவாங்குக்கு ரயில் வந்த நாளுக்கு அடுத்தபடியாக அந்த ஊர் கொண்டாட வேண்டிய நாள், சுகுமாறன் தம் மூன்று மாடி பங்களாவில் ஆறாவது வைஃபை பெட்டியைப் பொருத்திய நாள்தான். பதினோரு அறைகள். குடியிருப்பவர்கள் மூன்று பேர்: செனாய் ஊரிலுள்ள தொழிற்சாலை ஒன்றில் மேலாளராக இருக்கும் சுகுமாறன், மனைவி பிரவீனா, கல்லூரி மாணவியான மகள் லோஷினி. வீட்டுக்குள் எதுவானாலும் வாட்சப்பில் பேசுவது குடும்பக் கொள்கை. ஆறு பெட்டிகள் இருக்கையில் தனி லைன் எதற்கு என்று மனைவி, மகள் இருவரின் போன் லைன்களையும் அவர் 'சீரமைத்து' நிறுத்திவிட்டார்.

இருந்தும் மூன்றாம் மாடிப் பின்னறைப் பெட்டி மட்டும் அடிக்கடி சிவப்பு விளக்கைக் காட்டி அடம் பிடித்தது. பக்கத்து ஊரான பாலோவிலிருந்து காளிதாஸ் என்ற ஒயர்மேன் வரவழைக்கப்பட்டார்.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் குடும்ப 'இணைப்பு மாநாடு' காணொளி வழியே கூடியது. சுகுமாறன் கீழ்த்தள ஆபீஸ் அறையில் தலைமை வகித்தார். லோஷினி இரண்டாம் மாடியிலிருந்தும், பிரவீனா மூன்றாம் மாடிப் பின்னறையிலிருந்தும் கலந்துகொண்டார்கள். காளிதாஸ் தலைவருக்கு எதிர் நாற்காலியில்தான் இருந்தார். ஆனாலும் ஒழுங்குமுறை கருதி அவருக்கும் லிங்க் அனுப்பப்பட்டது.

"பாஸ், பெட்டியும் பெட்டியும் காத்துல பேசுது. நடுவுல ஏழு சுவரு. ஒயர் இழுத்துட்டா சுவரு இருந்தாலும் ஒன்னும் பண்ணாது," என்றார் காளிதாஸ்.

ஒயர்லெஸ் வீட்டில் ஒயரா என்று சுகுமாறன் மனம் நொந்தார். தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விட்டார். ஒயர் வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம். லோஷினி தூக்கினாள். பிரவீனாவின் கை ஏற்கெனவே உயர்ந்திருந்தது. வாயும் திறந்திருந்தது. பால்கனி வெளிச்சத்தில் அவர் முகத்தில் அப்படியொரு தீவிரம். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்ற சுகுமாறன், தோல்வியைப் பெருந்தன்மையோடு ஏற்று, ஜனநாயகம் குறித்து நாற்பது நிமிடம் உரையாற்றினார். நாற்பது நிமிடமும் பிரவீனா கையை இறக்கவில்லை. இத்தனை கவனமாகத் தம் பேச்சை அவர் கேட்டது கல்யாணமான இந்த இருபத்திரண்டு வருடத்தில் இதுவே முதல் தடவை என்பதில் சுகுமாறனுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

வெளியே மழை கொட்டத் தொடங்கியது. மேலே ஏதோ சத்தம் கேட்கிறதே என்றார் காளிதாஸ். நிகழ்ச்சி நிரலில் இல்லாததை 'இதர விஷயங்கள்' பகுதியில் எழுப்பும்படி தலைவர் கேட்டுக்கொண்டார். பிறகு கூட்டத்தின் கண்ணியம் கருதி, வெளிச்சத்தம் புகாத ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார்.

ஐந்து மணிக்கு, சுவருக்குள் சும்மா கிடந்த குழாய்கள் வழியாக ஒயர் பின்னறையை அடைந்தது. காளிதாஸ் அதைச் சொருகியதும் சிவப்பு விளக்கு நீலமானது. கீழே திரையில் கை தூக்கியபடி உறைந்து கிடந்த பிரவீனாவின் படம் அசைந்தது; சுகுமாறனின் போன் அலறியது. 'துணி எடுக்க வந்தேன், பால்கனி கதவு தானா பூட்டிக்கிச்சு.' 'வந்து திறங்க.' 'மழை வருது.' 'வீட்டுல யாராச்சும் இருக்கீங்களா?' மொத்தம் முப்பத்தொரு செய்திகள்.

சுகுமாறன் மூன்றாம் மாடிக்கு ஓடினார். அவர் அங்கே போய் ஐந்து மாதமாகியிருந்தது. அதற்குள் காளிதாஸ், தட்டும் சத்தம் கேட்டு, பால்கனிக் கதவைத் திறந்திருந்தார். பிரவீனா சொட்டச் சொட்ட நனைந்து, பற்கள் கிட்ட, துணிக்கூடையோடு நின்றார்.

"முப்பத்தொரு மெசேஜ் ஒரே செகண்டுல வந்துருச்சு. பாத்தியா?" என்று போனை நீட்டினார் கணவர்.

"நான் வாயாலயும் கூப்பிட்டேங்க. ரெண்டு மணி நேரமா," என்றார் பிரவீனா.

வாய்க்குரலை நம்புவதற்கில்லை, ஏழு சுவர் இருக்கிறதல்லவா என்று சுகுமாறன் பொறுமையாக விளக்கினார். பிறகு அறையின் நான்கு மூலைகளிலும் நின்று வேகத்தை அளந்து, எண்களை உரக்கப் படித்தார். அவர் கை ஒழியாததால், வேலை முடிந்ததற்கான தாளைக் காளிதாஸ் தயக்கத்தோடு பிரவீனாவிடம் நீட்டினார்.

'பழுது இருந்த இடம்' என்பதற்கு நேராக 'மூன்றாம் மாடி, பின்னறை' என்று எழுதியிருந்தது. பிரவீனா அதை அடித்துவிட்டு, ஈரக் கையால் 'கீழ்த்தளம், ஆபீஸ் அறை, தலைவர் நாற்காலி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

காளிதாஸ் படித்துப் பார்த்தார். அதற்கு ஒயர் இழுக்க வழியில்லை என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.