மலாவி ஏரிக்குப் புறப்பட்ட மஞ்சப் பை

திட்டம் போட்டுக் காரியம் செய்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நானே ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். 2010 மே மாதத்தோடு அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டேன். (மற்றவர்கள் இன்னும் நிறுத்தவில்லை.)

என் மனைவி வளர்மதி சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். ஆப்பிரிக்காப் பாடம் வந்தால் புத்தகம் பார்க்காமல் போர்டில் அந்தக் கண்டத்தை வரைவாள். கீழே வலப்பக்கமாக, வெண்டைக்காய் மாதிரி ஒரு ஏரியைப் போட்டு நீலச் சாக்பீஸால் தீட்டுவாள். அதுதான் மலாவி ஏரி. இருபது வருடமாக வரைந்திருக்கிறாள். அவளாகப் போன அதிகபட்சத் தூரமோ திருப்பதி.

அவளுடைய தம்பி அந்த மலாவி நாட்டிலேயே ஒரு கம்பெனியில் வேலையாக இருந்தான். ஜூனில் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்புகிறேன், அதற்குள் நீங்கள் இரண்டு பேரும் வந்துவிடுங்கள், ஏரிக்கரையில் தங்கலாம், காட்டில் மிருகங்களைப் பார்க்கலாம் என்று போனில் கூப்பிட்டான். வளர்மதி என்னிடம் அதுவரை நகை கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை. இதைக் கேட்டாள்.

நான் உடனே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். சிப்காட்டில் ஸ்டோர்ஸ் இன்சார்ஜாக இருப்பவன் ஆப்பிரிக்காவையும் ஸ்டோர்ஸ் மாதிரிதான் பார்ப்பான். ‘காலை 6.00 – நீர்யானை. 7.30 – டிபன். 8.15 – ஏரியில் குளியல் (நீர்யானை இல்லாத பக்கம்).’ யானைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருந்தேன். யானையின் சம்மதத்தைக் கேட்கவில்லை. சென்னைக்குப் போய் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டு, அதற்கான அட்டையையும் வாங்கி வந்தோம். சென்னை போகும் வழியில், கடலூர் முதுநகரில் இருக்கும் வளர்மதியின் அண்ணன், அதாவது என் மச்சான், “பீச்சு பாக்க ஆப்பிரிக்காவா மாப்ள? தேவனாம்பட்டினத்துக்கு டவுன் பஸ்ஸு போவுதே” என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் சரியாக இருந்தது, கிழமையைத் தவிர. டிக்கெட் புதன்கிழமைக்குக் கிடைத்திருந்தது. புதன்கிழமை வடக்கே சூலம். சிதம்பரத்திலிருந்து சென்னை வடக்கு. ஆப்பிரிக்கா வடக்கில் இல்லையே என்றாள் வளர்மதி. பூகோளம் வேறு, சாஸ்திரம் வேறு என்று சொல்லிப் பரஸ்தானம் வைக்க முடிவு செய்தேன். புறப்படும் நாள் சரியில்லையென்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நாளில் பயணச் சாமான் ஒன்றைப் போகிற வழியில் இருக்கும் ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், அன்றைக்கே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு போகும்போது அதை எடுத்துக்கொள்ளலாம்.

எல்லோரும் ஒரு துண்டையோ வேட்டியையோதான் வைப்பார்கள். எனக்கு அது போதவில்லை. பயணத்துக்கு உயிர் எதுவோ அதைத்தான் வைக்க வேண்டும் என்று சொல்லி, பாஸ்போர்ட்டுகள், ஊசி அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப் பையில் போட்டு, நாலு அரிசியும் மஞ்சள் கிழங்கும் சேர்த்து முடிச்சுப் போட்டு, திங்கட்கிழமை நல்ல நேரத்தில் மச்சான் வீட்டுப் பூஜை அறையில் மாட்டிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை காலையில் கார் முதுநகரில் நின்றது. மச்சான் மனைவி கோயிலுக்குப் போயிருந்தார். மச்சான் பூஜை அறைக்குள் போய் மஞ்சப் பையைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்தார். கனம் சரியாக இருந்தது. முடிச்சும் இருந்தது.

கார் புதுச்சேரியைத் தாண்டும்போது வளர்மதி, “ஒருவாட்டி தொறந்து பாத்துடுங்களேன்” என்றாள். பரஸ்தானப் பையை நடுவழியில் பிரித்தால் பயணம் தடைப்படும் என்றேன். (இப்படி ஒரு சாஸ்திரம் கிடையாது. அந்த நிமிடத்தில் நான் உண்டாக்கியது.) திண்டிவனத்தில் டீ குடிக்கும்போது மறுபடியும் சொன்னாள். நான் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

விமான நிலைய வாசலில் காவலர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் கேட்டார். மணி இரண்டு, விமானம் நாலரைக்கு. முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே மூலையில் மஞ்சள் தடவிய அழைப்பிதழ்கள், ஒரு கட்டு. மச்சானின் பேத்திக்குக் காதணி விழா. காவலர் ஒன்றை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, தேதி அடுத்த மாதம் என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

மச்சானுக்குப் போன் போட்டேன். பூஜை அறையில் வைத்தால் யாராவது தொட்டுவிடுவார்கள் என்று எங்கள் பையை அவர் மனைவி பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாராம். பாவம், அந்த மனிதர் உடனே கார் பிடித்துக்கொண்டு கிளம்பினார். வந்து சேரும்போது ஆறேகால் மணி. டிக்கெட்டை மாற்ற வழியில்லை. அடுத்து இடம் கிடைப்பதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும், தம்பியும் மூட்டை கட்டிவிடுவான்.

வளர்மதி திட்டியிருந்தால் தேவலை. தள்ளுவண்டியில் இருந்த பெட்டியின் மேல் கையை வைத்தபடி, “ரெண்டுவாட்டி சொன்னேன்” என்றாள். அவ்வளவுதான். அவள் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே ஒன்றை, என் வாய்க்கு வந்த ஒரு பொய்ச் சாஸ்திரத்துக்காகப் பறிகொடுத்தேன்.

எங்கள் குடும்பத்தில் அன்றிலிருந்து யாராவது பெண்ணாடம் வரை போவதாக இருந்தாலும், “பையத் தொறந்து பாத்துட்டியா, இல்ல ஆப்பிரிக்காவா?” என்று கேட்காமல் அனுப்புவதில்லை. கல்யாண வீடுகளில் மச்சான்தான் கதையை ஆரம்பிப்பார். காவலர் அழைப்பிதழைப் படிக்கும் இடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வளர்மதி எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விடுவாள்.

2012இல் கடலூரில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு ஒரு பக்கம் மச்சான், மறு பக்கம் வளர்மதி. எதிர்வரிசையில் இருந்து ஒரு பெண், “மிஸ்” என்று எழுந்து வந்தாள். வளர்மதியிடம் எட்டாவது படித்தவளாம். என்னைப் பார்த்துச் சொன்னாள்: “சார், லீவுல ஆப்பிரிக்கா போயிட்டு வந்து மிஸ் அந்த ஏரியப் பத்தி ஒரு பீரியடு ஃபுல்லா சொன்னாங்க. கடல் மாரியே அலை வருமாம், வாயில வெச்சா உப்பே இருக்காதாமே. நீங்களும் குளிச்சீங்களா சார்?”

மச்சான் வாயைத் திறந்தார். நான் மேசைக்கடியில் அவர் காலை அழுத்தமாக மிதித்தேன். வளர்மதி இலையைப் பார்த்தபடி இருந்தாள். கை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது.

“குளிச்சேன்மா. உப்பே இல்ல” என்றேன்.