தண்ணிக்குப் பஞ்சமில்லாத வீடு

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. இருந்தது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. மழைக்காலத்தில் ஏரியாக இருக்கும், வெயில் காலத்தில் வெறும் மைதானமாகக் கிடக்கும். மைதானமாகக் கிடக்கிற காலத்தில் அதற்கு 'ஏரிக்காற்று நகர்' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர் சடையப்பன் என்கிற ஓணான். வீட்டுத் தரகர்.

சடையப்பனுக்கு ஒரு பழக்கம். யார் என்ன கேட்டாலும் தலை மேலும் கீழும் ஆடும். ஓணான் பிறவிக்கே உள்ள ஆட்டம்தான் அது. வீடு பார்க்க வருகிறவர்கள் அதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டார்கள். சடையப்பனும் யாரையும் திருத்தப் போகவில்லை.

வைகாசி மாதத்தில் ஒருநாள் பவுனம்மா என்கிற வெள்ளெலி அவரைத் தேடி வந்தாள். கல்யாணமாகி நாத்தனார் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தவள். பிள்ளை பிறப்பதற்குள் சொந்தமாக ஒரு வளை வேண்டும் என்பது அவள் ஆசை. கூடவே அவள் புருஷன் மாணிக்கமும் வந்தான். எலியாகப் பிறந்தும் அவன் ஒரு வாயில்லாப் பூச்சி.

"பாருங்க அம்மணி, கிழக்குப் பார்த்த வாசல். மான் தடத்திலிருந்து கூப்பிடு தூரம். வாங்கின அன்னைக்கே குடி வந்துடலாம்" என்றார் சடையப்பன்.

வளை நன்றாகத்தான் இருந்தது. மண் காய்ந்து கல் மாதிரி இறுகியிருந்தது. இந்த வாசலில் நுழைந்த காற்று அந்த வாசலில் வெளியேறியது.

"ஏனுங்கண்ணா, இங்கே தண்ணிப் பிரச்சினை எதுவும் இல்லையே?" என்று பவுனம்மா கேட்டாள்.

"தண்ணிக்குப் பஞ்சமே கிடையாது அம்மணி."

தலை ஆடியது. அந்தக் காட்டில் கொடுக்கல் வாங்கல் எல்லாம் நிலக்கடலையில்தான். சேர்த்து வைத்திருந்த ஒரு குவியலையும் பவுனம்மா கொடுத்துவிட்டுக் குடி வந்தாள். முதல் வேலையாகச் சுவரில் பல்லாலேயே ஒரு மாடம் குடைந்தாள். சொந்த வீட்டில்தானே மாடம் குடைய முடியும்?

ஆடியில் அந்த வழியாகப் போன ஒரு கௌதாரி தலையை நீட்டிப் பார்த்தது. "அட, ஏரிக்குள்ளேயா குடி வந்திருக்கீங்க? நீச்சல் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுப் பறந்துபோனது.

பவுனம்மா அன்றைக்கே சடையப்பனிடம் ஓடினாள்.

"அண்ணா, மழைக்கு முன்னாடி இதை வித்துக் கொடுங்க."

"ஆடியில யார் அம்மணி வீடு பார்க்க வருவா? ஆவணி பொறக்கட்டும்."

ஆவணி பிறந்தது. "ஊரெல்லாம் கல்யாணம். எல்லாரும் பந்தியில உட்கார்ந்திருக்காங்க. புரட்டாசி வரட்டும்" என்றார்.

புரட்டாசியும் வந்தது. "விரத மாசம். வெறும் வயித்தோட வீடு பார்த்தா எந்த வீடும் பிடிக்காது அம்மணி. ஐப்பசியில பார்ப்போம்."

ஐப்பசியில் பவுனம்மாவுக்குப் பிள்ளைகள் பிறந்தன. அவை கண் விழிக்கும் முன்பே ஏரி கண் விழித்துக்கொண்டது. முதலில் வாசலில் ஈரம். அப்புறம் மாடத்தில் ஒரு தலைப்பிரட்டை நீந்தியது. பவுனம்மா குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு கரைக்கும் வளைக்குமாக ஓடினாள். கடைசிக் குட்டியைக் கொண்டுவரும்போது அவளுக்குக் கழுத்தளவு தண்ணீர்.

நாத்தனார் வாசலிலேயே நின்றிருந்தாள். "வாங்க, வாங்க! ஏரிக்குள்ள பங்களா வாங்கினவங்க வந்துட்டாங்க. யாராவது தலை துவட்டத் துணி கொடுங்கப்பா!"

மாணிக்கம் துணியை வாங்கித் தலை துவட்டிக்கொண்டான்.

மறுநாள் பவுனம்மா ஈரம் சொட்டச் சொட்ட சடையப்பன் முன்னால் போய் நின்றாள். "தண்ணி வராதுன்னு சொன்னீங்களே!"

"நான் எப்போ அம்மணி சொன்னேன்? தண்ணிக்குப் பஞ்சம் இல்லைன்னுதானே சொன்னேன். இருக்குதா?"

இல்லைதான்.

"சரி, வித்தாவது கொடுங்க."

"முழுகின வீடு. கால் குவியல் தேறினாலே பெருசு. இருங்க, ஒருத்தர் இருக்கார்."

அந்த ஒருத்தர் சேதுராயர் என்கிற நண்டு. குடியிருந்த குழி இடிந்து போய், நல்ல வளையாகத் தேடிக்கொண்டிருந்தவர். பக்கவாட்டில் நடந்து வந்து, பக்கவாட்டிலேயே வீட்டுக்குள் போய், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பக்கவாட்டிலேயே வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வீட்டுக்குள்ளேயே தண்ணியா! மாடத்துல கூட தண்ணி விட்டிருக்காங்களே. யார் கட்டினது?"

பவுனம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "ராயரண்ணே, உள்ளதைச் சொல்லிடறேன். பங்குனி வந்தா இது பாளம் பாளமா வெடிச்சிடும். சொட்டுத் தண்ணி இருக்காது."

சேதுராயர் இரண்டு கண்களையும் நீட்டி அவளை உற்றுப் பார்த்தார். "தங்கச்சி, நான் நேத்துப் பொறந்தவன் இல்லை. விக்கிறவளே வீட்டைக் குறை சொன்னா என்ன அர்த்தம்? கொடுக்க மனசில்லை, அதானே? தரகரே, இந்த வீடு எனக்குத்தான்!"

தலை ஆடியது. கால் குவியல் கடலையோடு பவுனம்மா நாத்தனார் வீட்டுக்கே திரும்பினாள். அந்தக் கார்த்திகையும் மார்கழியும் அவள் கேட்ட பேச்சை எல்லாம் எழுதினால் காட்டில் இலை போதாது.

பங்குனியில் சடையப்பனே அவளைத் தேடி வந்தார்.

"அம்மணி, உங்களுக்குன்னே ஒரு வீடு வந்திருக்கு. கிழக்குப் பார்த்த வாசல். மான் தடத்திலிருந்து கூப்பிடு தூரம்."

குட்டிகளோடு போய்ப் பார்த்தாள். அவள் பல்லால் குடைந்த மாடம் அப்படியே இருந்தது.

"இது என் வீடுங்கண்ணா!"

"வீட்டைப் பார்த்ததும் இப்படித்தான் தோணணும். அதுதான் ராசி. முன்னாடி இருந்தவங்களும் ரொம்ப நல்லவங்க."

"விலை?"

"ஒரு குவியல்."

"என்கிட்ட கால் குவியலுக்குத்தானே வாங்கினீங்க?"

"அது ஐப்பசி விலை அம்மணி. இது பங்குனி விலை. காய்ஞ்ச வீட்டுக்கு இப்போ என்ன கிராக்கி தெரியுமா?"

பவுனம்மா யோசித்தாள். எலிக்கு ஐப்பசி கெட்ட காலம், சரி. ஆனால் நண்டுக்கு அதுதானே நல்ல காலம்? அப்படியானால் நண்டு எவ்வளவு கொடுத்திருக்கும்? தனக்கு வந்தது போக மிச்சம் எங்கே போயிருக்கும்?

அப்போதுதான் ஓர் எறும்பு வரிசை கண்ணில் பட்டது. எறும்புகள் கடலைத் தூளைத் தூக்கிக்கொண்டு கரைமேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. குட்டிகளைக் கூட்டிக்கொண்டு பவுனம்மா அந்த வரிசையைப் பிடித்து மேலே ஏறினாள். இலுப்பை மரத்தடியில் ஒரு பெரிய பொந்து. உள்ளே நுழைந்ததும் குளுகுளுவென்றிருந்தது. சொட்டு ஈரம் இல்லை. எந்த மழைக்கும் தண்ணீர் எட்டாத உயரம், எந்த வெயிலுக்கும் சூடு இறங்காத ஆழம். கூரை வரைக்கும் கடலை.

திரும்பிப் பார்த்தால், குறுக்கு வழியாக வந்து சேர்ந்திருந்த சடையப்பன் வாசலில் உட்கார்ந்து, கடலைக்கு வந்த எறும்புகளை நக்கிக்கொண்டிருந்தார். ஓணான் கடலை தின்னாது. கடலையைத் திறந்து வைத்தால் எறும்பு தானாக வரும்.

"அண்ணா, இது என்ன?"

பிறந்ததிலிருந்து முதல் தடவையாகச் சடையப்பனின் தலை நின்றது.

"இதுங்களா அம்மணி... ஐப்பசிக்கும் பங்குனிக்கும் நடுவுல மிச்சமாகிறது."

இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போதே மேட்டில் சரசரவென்று சத்தம். சேதுராயர் பக்கவாட்டில் ஏறி வந்தார். வெயிலில் ஓடெல்லாம் வெளிறிப் போயிருந்தது.

"நல்லதாப் போச்சு தங்கச்சி, நீயும் இங்கேதான் இருக்கியா! போன ஐப்பசியில இந்த ஆள்கிட்ட ஒரு முழுக் குவியல் கொடுத்தேன். இப்போ விக்கப் போனா கால் குவியல்தான் தேறுமாம். நீயே சொல்லு, அன்னைக்கு என் கடலை உனக்கு முழுசா வந்து சேர்ந்துச்சா இல்லையா?"

பவுனம்மா வாயைத் திறந்தாள். கதை கேட்கிற நமக்கும் தெரியும், இங்கே அவள் உண்மையைச் சொல்ல வேண்டும். நண்டு கொடுக்கை ஓங்க வேண்டும், ஓணான் ஓட வேண்டும், கடலையைப் பங்கு போட வேண்டும்.

ஆனால் அவளுடைய கடைக்குட்டி பொந்துக்குள் ஓடிப்போய்க் கடலை மேல் காலை நீட்டித் தூங்கிவிட்டது. நாத்தனார் வீட்டு நெரிசலில் அது ஒருநாளும் அப்படிப் படுத்ததே இல்லை.

"உள் அறை காலியாத்தான் கிடக்கு அம்மணி" என்று சடையப்பன் அவள் காதோரம் முணுமுணுத்தார். "எனக்கும் வயசாகுது. கூட ஒரு ஆள் இருந்தா..."

"சொல்லு தங்கச்சி, முழுசா வந்துச்சா?"

பவுனம்மா வாயை மூடிக்கொண்டாள். அவள் தலை மேலும் கீழும் ஆடியது.

சேதுராயர் பெருமூச்சு விட்டார். "ம். அப்போ இவர் மேல தப்பில்லை. காலம்தான் சரியில்லை." வந்த மாதிரியே பக்கவாட்டில் இறங்கிப் போனார்.

அடுத்த வைகாசியில் ஒரு மூஞ்சூறு, புதுப் பெண்டாட்டியோடு ஏரிக்காற்று நகருக்கு வந்தது. மாடம் வைத்த வளை இருவருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது.

"ஏனுங்கக்கா, தண்ணிப் பிரச்சினை எதுவும் இல்லையே?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"தண்ணிக்குப் பஞ்சமே கிடையாது கண்ணு" என்றாள் பவுனம்மா.

நீதி: சொந்த வீடு வேண்டுமென்றால் வீடு தேடி அலையாதே; வீடு தேடி அலைகிறவர்களைத் தேடி அலை. கழுத்து வலி போகப் போகப் பழகிவிடும்.